ஒத்திகை என்று நினைத்தவர்

எங்கள் துறைமுக ஊர் மருத்துவமனையின் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்த கியுச்சி தமாயேயைப் பொய் மின்னஞ்சல் எதுவும் ஏமாற்றியதில்லை. விபரீதமே அதில்தான்.

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மருத்துவமனையே தன் ஊழியர்களுக்குப் பொய் மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்கும். திறந்தவர் ஒரு மதியம் முழுக்கப் பாடம் கேட்க வேண்டும். கண்டுபிடித்தவர் சத்தமில்லாமல் அழித்துவிடுவார். பக்கத்து மேசைக்குச் சொல்வது பரீட்சையில் விடை காட்டுவது மாதிரி. சோதனையைத் தயாரிக்கும் பிரிவுத் தலைவர் ஒரிதாவின் உழைப்பைக் கெடுப்பதும்கூட. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனாலேயே யாரும் மீறியதில்லை.

அந்த அக்டோபரில், மருத்துவமனைக்குக் கையுறை விற்கும் தோயியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முந்தின வாரம் கியுச்சி அவருக்கு எழுதியது அப்படியே அடியில் இருந்தது, நடையும் தோயியுடையதுதான். ஆனால் தோயி தன் இடுப்புவலியைச் சொல்லாமல் கடிதம் தொடங்கியதே இல்லை. ஒரிதா இந்த வருடம் நன்றாக மெனக்கெட்டிருக்கிறார் என்று மெச்சியபடி கியுச்சி அதை அழித்தார்.

பக்கத்து மேசை நினோமியாவுக்கும் அதே மின்னஞ்சல் வந்திருந்தது.

"தோயி-சான் அனுப்பின விலைப்பட்டியல் திறக்கவே மாட்டேங்குதே, கியுச்சி-சான்?"

"அவசரப்படாதீங்க. பலன் தானா தெரியும்," என்று கியுச்சி சிரிப்பைத் தேநீர்க் கோப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லாத் திரையும் பூட்டிக் கிடந்தது. திறந்துவிடப் பணம் கேட்டு ஒரு வாசகம் மட்டும். ஏழு வாரம் காகிதத்தில் ஓடியது மருத்துவமனை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்த மீனவர் ஒருவரை எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். வழியிலேயே இறந்தார். இயக்குநர் கேமராக்கள் முன் மன்னிப்புக் கேட்டு இடுப்புவரை குனிந்தார். 'ஓர் ஊழியரின் கவனக்குறைவு' என்றது அறிக்கை. நினோமியா ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

கியுச்சி ஒரிதாவிடம் போனார்.

"அது பொய்னு வந்தப்பவே எனக்குத் தெரியும், தலைவரே. உங்க ஒத்திகைன்னு நினைச்சுட்டேன்."

"இந்த வருஷம் ஒத்திகையே இல்லையே. செலவைக் குறைக்கச் சொல்லிட்டாங்க."

"அப்போ அறிக்கையில என் பேரையும் சேருங்க."

"அது அச்சாகிப் போயாச்சு. இயக்குநரும் குனிஞ்சாச்சு. மறுபடி குனியச் சொல்றீங்களா?"

கடைசி நாளன்று, விடைபெறுகிறவர்கள் செய்வதுபோல, நினோமியா மேசை மேசையாக இனிப்புப் பொட்டலம் வைத்துக்கொண்டு வந்தார்.

"ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்."

"நினோமியா-சான், நீங்க திறந்தப்போ நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"தெரியும்," என்றார் அவர். "அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க."

பொட்டலத்தை வைத்துவிட்டு, முறைப்படி குனிந்து, அடுத்த மேசைக்குப் போனார்.