இரண்டாவது திட்டில் என்ன விசேஷம்

மனசுக்கு ஒரு மாற்றம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஏற்காடு, கொடைக்கானல் என்று எங்கேயாவது கூட்டிப் போவார் என்று பார்த்தால், என் வீட்டுக்காரர் பெரம்பலூரிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற ஏரிக்குக் கூட்டிப் போனார். அரியலூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பறவை காட்டுகிறார்கள் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், ஏறு என்றால் ஏறினேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், நாலாவது மாதம் முடிகிற நேரத்தில், வயிற்றிலிருந்த குழந்தை போயிருந்தது. திருச்சியில் ஆஸ்பத்திரி. வீடு திரும்பிய மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. குழந்தை இல்லை என்கிற தகவல் மார்புக்குப் போய்ச் சேரவில்லை போல. அம்மா நாலு முழம் மல்லிகை வாங்கி வந்து மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினாள். வீட்டில் என்ன கல்யாணமா என்று பூக்காரம்மா கேட்டாளாம். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பூ வாடியது, பால் வற்றியது, அவ்வளவுதான்.

உண்டானதையே வெளியே யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. பொங்கல் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தோம். அதனால் கேட்டவர்களிடமெல்லாம் டைபாய்டு என்று சொல்லிவிட்டார் மாமியார். அதுகூடப் பரவாயில்லை. என் வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் தேவலையா?" என்பார். "தேவலைங்க" என்பேன். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். எங்கே கொண்டுபோனார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவராக வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தேன். அந்த வீம்பு ஒன்றுதான் அப்போது எனக்குள் உயிரோடு இருந்தது.

பறவை காட்ட வந்தவர் லெப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர். சவூதியில் பல வருஷம் லாரி ஓட்டியவர். அங்கே மணலைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லாததால் வானத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டாராம். அன்றைக்கு எங்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை. ஆளுக்கொரு பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிவிட்டுப் பரிசலில் ஏற்றினார். ஏரி நடுவில் இரண்டு திட்டுகள், இரண்டிலும் காடு.

"ரெண்டும் ஒரே தண்ணியிலதான் நிக்குது தம்பி. ஆனா இந்த வூட்டு ஆளு அந்த வூட்டுல கால் வைக்க மாட்டான்" என்றார்.

முதல் திட்டு முழுக்கக் கருவேல மரம். எச்சம் விழுந்து விழுந்து கிளையெல்லாம் வெள்ளையடித்த மாதிரி இருந்தது. மீன் நாற்றம். நீர்க்காகமும் நாரையும் போட்ட கூச்சலில் பாய் சொன்ன பேர்கள் பாதி காதில் விழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு கூட்டில் நத்தை குத்தி நாரையின் குஞ்சுகள் இருந்தன. அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "கண்ணாடியில தூசி இருக்கு, குடு, துடைச்சுத் தரேன்" என்று என் பைனாகுலரை வாங்கிக்கொண்டார். குஞ்சைப் பார்த்தால் நான் உடைந்துவிடுவேன் என்று பயம். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். குஞ்சு வாயைப் பிளந்தது, தாய் இரையைப் போட்டது. பஸ் ஸ்டாண்டில் யாரோ யாருக்கோ டிபன் வாங்கிக் கொடுப்பதைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

இரண்டாவது திட்டு மேடானது. வேம்பு, நுணா, காரைப் புதர், அடியில் கணுக்கால் அளவு சருகு. அங்கே பரிசலை விட்டு இறங்கினோம். சத்தமே இல்லை. குளிர் நாளில் வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக்குருவி இந்தச் சருகில்தான் இரை கிளறுமாம். ஒரு குருவிக்குள் அத்தனை நிறமாம். பாய் எங்களை ஒரு வேம்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, தான் மறுபக்கம் சுற்றிப் போனார். அசையாமல் நிற்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இரண்டு மாதமாக அந்த வேலைதான்.

கொஞ்ச நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு வந்தார். தணிந்த குரலில் என்னைத்தான் கேட்டார்.

"என்ன தங்கச்சி, ஏதாச்சும் விசேஷம் உண்டா?"

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். இந்தக் கேள்வியைக் கேட்காத வாய் எங்கள் சொந்தத்தில் கிடையாது. பறவை பார்க்கிறவர்கள் அதை வேறு எதற்கோ கேட்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. வழக்கமாக "இன்னும் இல்லீங்க" என்கிற வாய், அன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிட்டது.

"இருந்துச்சுங்க பாய். கலைஞ்சிருச்சு."

"அடடா. எத்தனை?"

"ஒண்ணுதாங்க."

"உங்க மேல தப்பு இல்ல தங்கச்சி. லேசா சருகு அசைஞ்சாலே கலைஞ்சிரும். எந்தப் பக்கமா போச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் குருவியைக் கேட்கிறார். முகமெல்லாம் சுட்டது.

"குன்னத்துக்குங்க" என்றார் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர். "எங்க பருத்திக்காட்டுல. கிணத்துமேட்டு ஓரமா."

பாய் சிரித்துவிட்டார். "குன்னம் எங்க இருக்கு! அவ்ளோ தூரம் போயிருக்காது தம்பி."

"போச்சுங்க பாய். நான்தான் கொண்டுபோனேன். பஸ்லதான் போனேன். மடியில வச்சிருந்தேன்."

பாயின் சிரிப்பு நின்றது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பரிசலைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சருகையே பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சியிலிருந்து அவருடைய சொந்த ஊரான குன்னம் வரைக்கும், ஆள் நெருக்கும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாமல், மடியில் வைத்துக்கொண்டு ஒற்றையாளாகப் போயிருக்கிறார். எனக்கு நெஞ்சு வலித்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று வலித்தது.

அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க" என்றேன்.