நைனா கேட்ட தண்ணீர்

எங்கள் நைனாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகள் எழுதுவது. "தண்ணீர்ப் பந்தல் வைத்த தருமவான் என்று நாலு வரி எழுதிக் கொடு, போதும்" என்றார் அண்ணன். நாலு வரியில் அடங்குகிற மனிதரா அவர்? அதோடு, அது தருமமும் இல்லை.

நைனா வல்லத்தில் பிறந்தவர். கையகல நிலம் கூட இல்லாத குடும்பம். கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்து, முதல் உலக யுத்தத்தில் பஸ்ரா பக்கம் போய் வந்தார். பிறகு செஞ்சியில் கல் உடைத்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். அம்மா போன பிறகு சோறாக்கிப் போட்டவரும் அவர்தான். எங்கள் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. பட்டாளத்தைப் பற்றி வாயைத் திறந்ததும் இல்லை.

அமாவாசைதோறும் மேல்மலையனூர் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்துக்குப் பாதையோரம் தண்ணீர் கொடுப்பார். பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கூட நின்ற எனக்கல்லவா தெரியும்! பானையில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் போட்டது போட்டபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போவார். எங்கள் தெருக்காரர் கைத் தண்ணீர் வேண்டாம் என்று ஒதுங்கிப் போனவர்களின் பின்னாலும் செம்போடு ஓடுவார். வசவு வாங்குவார். அப்படியும் விடமாட்டார். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசும்.

பாகிஸ்தானோடு சண்டை என்று பஞ்சாயத்து ரேடியோவில் சொன்ன அன்று, கிணற்றுக்கும் வீட்டுக்கும் மாறி மாறி ஓடினார். சோற்றுப் பானையிலிருந்து என் குழந்தையின் பால் கிண்ணம் வரை எல்லாவற்றிலும் தண்ணீரை நிரப்பி வைத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னா நைனா இது? உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்குதா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கூட்டாளிம்மா. வயித்துல குண்டு பட்டுக் கெடந்தான். தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்தான். எங்கிட்ட ரெண்டு வாய் தண்ணி இருந்துச்சு. எனக்கு வேணும்னு வெச்சிக்கினேன். குடுக்கல. அப்படியே அடங்கிட்டான்."

"அந்த எடத்துல யாரா இருந்தாலும் அதான் நைனா செஞ்சிருப்பாங்க."

"நீ அவன் கொரலக் கேக்கல" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஐயோ, பேரன் எடுத்த மனிதர் அழுவதைப் பார்க்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றார். இன்றுவரை அண்ணனிடம்கூட நான் சொல்லவில்லை.

போன வருஷம் அவருக்கு உடம்பில் நீர் கோத்து, கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஒரு நாளைக்கு அரை டம்ளர் தண்ணீர்தான், மீறினால் மூச்சு முட்டிவிடும், கட்டுப்பாடாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்குவார் என்றார் டாக்டர். அண்ணன் தண்ணீர்ப் பானையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் வைத்தார். மூன்று நாள் நைனா கேட்டுக்கொண்டே கிடந்தார். நாலாம் நாள் மத்தியானம் உதடு வெடித்து, குரலும் போய், வாயை மட்டும் அசைத்தார். நான் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு செம்பு மொண்டு வந்தேன். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"குடுத்தா செத்துடுவாரு. நீ இன்னா கொலைகாரியா?"

"நவுருண்ணா."

அவர் நகரவில்லை. தோளால் தள்ளிவிட்டு உள்ளே போனேன். நைனா செம்பை இரண்டு கையாலும் பிடித்து முழுக்கக் குடித்தார். என்னைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கூடமாட இருந்து தூக்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும், முகம் சுளிக்காமல் நைனாவின் காலைத் துடைத்துவிட்ட அண்ணனுக்கும் என் நன்றி. என் தண்ணீர்தான் அவரைக் கொன்றது என்று உங்களில் சிலர் இன்றும் பேசுகிறீர்கள். இருக்கலாம். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கொடுக்காமல் விட்டவர் எப்படி வாழ்ந்தார் என்பதை ஒரே வீட்டில் இருந்து பார்த்தவள் நான்.