புடவை விரித்த பெட்டி

பெரம்பூரில் இருந்தவரை ராஜலக்ஷ்மிக்குப் பூனை என்றாலே ஆகாது. பால் பாத்திரத்தை உருட்டிய குற்றத்துக்காக விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி வரை துரத்தியவள். அவள்தான் நியூ ஜெர்சியில், எடிசனில், அபார்ட்மென்டின் பின்பக்கம் நின்றுகொண்டு, துப்பட்டாவால் மூக்கை மூடியபடி பூனைக்கு மீன் டின் திறக்கிறாள் என்றால் கூடப் பிறந்த தங்கையே நம்ப மாட்டாள். முட்டைகூட உள்ளே வராத வீடு.

கல்யாணமாகி இங்கே வந்து பதினேழு வருஷமாகிறது. வெகுகாலம் அவள் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அனுமதி வந்தபோது வேலை கொடுக்க யாருக்கும் மனமில்லை. இரண்டு முறை கர்ப்பம் தரித்துக் கலைந்துபோனது. முதல் முறை சேதி கேட்டதுமே அவள் அம்மா, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட நூல் புடவைகளை அனுப்பிவைத்தாள். பிறந்த குழந்தையைப் போட அதைவிட உசத்தியான துணி கிடையாது. அவை சூட்கேஸை விட்டு வெளியே வரவே இல்லை. தெரிந்தவர்கள் சீமந்தத்துக்கு அவளைக் கூப்பிடுவதை நாசூக்காக நிறுத்திக்கொண்டார்கள். "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்" என்று அதற்கு ஒரு கரிசனம் வேறு.

போன வருஷம் நவம்பர் கடைசியில், சாம்பல் நிறப் பூனை ஒன்று காலம் தப்பிக் குட்டி போட்டு, அவர்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் வந்து ஒண்டியது. உள்ளே தூக்கிவரப் போனவளைப் பிறாண்டி ரத்தம் பார்த்துவிட்டது. இந்தக் குளிரில் அந்தக் குட்டிகள் எப்படித் தாங்கும் என்ற கவலையில் ராஜலக்ஷ்மிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த பிளாக்கில் கேரல் என்றொரு வெள்ளைக்கார அம்மாள். தெருப்பூனைகளைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்பவள். அவள்தான் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சின்ன வாசல் வெட்டி, உள்ளே தெர்மோகோல் ஒட்டி, வைக்கோல் அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். துணி மட்டும் கூடாது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று இரண்டு தரம் சொன்னாள். ராஜலக்ஷ்மி "ஓகே, ஓகே" என்று தலையாட்டினாள். நம் ஆட்கள் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

"மாட்டுக்குப் போடறதைப் போய் பச்சக் குட்டிங்களுக்குப் போடுவாங்களா? குத்தாது?" என்றாள், கேரல் போனதும்.

"ராஜி, அந்த லேடி வருஷக்கணக்கா இதை பண்றாங்க. அவங்க சொன்னபடியே விட்டுடேன்," என்றான் கணவன் மகாதேவன்.

"பச்ச உடம்பைப் பத்தி அவங்களுக்கு என்னங்க தெரியும்?"

உனக்கு மட்டும் என்ன தெரியும் என்று கேட்க வாயெடுத்தவன், நல்லவேளை, அடக்கிக்கொண்டான்.

வைக்கோல் குப்பைக்குப் போயிற்று. சூட்கேஸ் திறந்தது. புடவைகளை மடித்து மடித்துப் பெட்டிக்குள் விரித்தாள். பூனையும் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு உள்ளே போயிற்று. அதை ஃபோட்டோ எடுத்து, எடிசன் தமிழ்ப் பெண்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். இதயங்களாக வந்து கொட்டின. 'நீங்கதான் நிஜமான அம்மா' என்று எழுதினாள் விசாலாக்ஷி. அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அன்று முழுக்கப் பத்து தடவையாவது எடுத்து எடுத்துப் படித்திருப்பாள். நாலு தெரு தள்ளியிருக்கும் ருக்மிணியும் தன் வீட்டுக் கொல்லையில் அதேபோல் பெட்டி வைத்து, புடவை விரித்து, ஒரு ஃபோட்டோ போட்டாள். அங்கேயும் ஒரு பூனை குட்டிகளோடு வந்து சேர்ந்தது.

அந்த வாரம் மழை பெய்தது, அது பனியாயிற்று, பிறகு எல்லாம் உறைந்தது. தாய்ப் பூனை வெளியே போய் நனைந்து திரும்பும்போதெல்லாம் புடவை அந்த ஈரத்தைக் குடித்தது. குடித்ததைக் காயவிட வழியில்லை. காலையில் டின்னோடு போனபோது பூனை பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. உள்ளே புடவை பலகையாக இறுகிப் போயிருந்தது. அதன்மேல் குட்டிகள் விறைத்துக் கிடந்தன.

கேரல் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். திட்டவில்லை. "நீ நல்லதுதான் நினைத்தாய்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தோளைத் தட்டினாள். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ராஜலக்ஷ்மி குரூப்பில் எழுதினாள்: 'குட்டிங்க செத்துப்போச்சு. என் தப்பு. துணி ஈரத்தைப் பிடிச்சுக்குது. யார் புடவை போட்டிருந்தாலும் உடனே எடுத்துட்டு வைக்கோல் போடுங்க.' கும்பிடும் கைகள் வந்தன. எல்லாம் விதி என்று வந்தது. ருக்மிணி எழுதினாள்: 'அச்சச்சோ! நான் இன்னும் ரெண்டு புடவை சேர்த்துப் போட்டுட்டேன் அக்கா, குளிர் ஜாஸ்தியாச்சே.'

கேரலிடம் வைக்கோல் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு நேரே ருக்மிணி வீட்டுக்குப் போனாள். ருக்மிணி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்க கை வேணாமே. இதுங்களாவது தங்கட்டும்."

ராஜலக்ஷ்மி காரிலிருந்து வைக்கோலை இறக்கினாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மண்டியிட்டு, சீறிய பூனையிடம் கை நிறையப் பிறாண்டல் வாங்கிக்கொண்டு, ஈரப் புடவைகளை உருவி எறிந்தாள். குட்டிகளுக்கு உயிர் இருந்தது. வைக்கோலை அடைத்து, நடுவில் குழித்து, அவற்றை உள்ளே விட்டாள். ருக்மிணி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் குரூப்பிலிருந்து ராஜலக்ஷ்மியை நீக்கிவிட்டார்கள்.

அந்தக் குட்டிகள் பிழைத்துவிட்டன. மார்ச் மாதம் கடையில் பார்த்தபோது விசாலாக்ஷிதான் சொன்னாள். ராஜலக்ஷ்மி தொட்டுவிட்டுப் போன கையோடு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டதால்தான் குட்டிகள் தப்பித்தன என்று ருக்மிணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

வீட்டுக்கு வந்து மகாதேவனிடம் சொன்னாள்.

"விடு ராஜி. குட்டிங்க பொழச்சுதுல்ல? அது போதும்."

"போதாது," என்றாள் ராஜலக்ஷ்மி. "அடுத்த குளிர்லயும் புடவைய விரிச்சுட்டு மிளகாய் சுத்துவாங்க."