செல்லையா ஐயாவின் காதில் பேசியவர்கள்

கண்டியில் காது மெஷின் பொருத்தும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். விசில் அடிக்கிறது, பேட்டரி நிற்கவில்லை என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். குண்டசாலையிலிருந்து வந்த செல்லையா ஐயா, மெஷினுக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்றார்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர். மனைவி இறந்துவிட்டார். தன் சொந்த வீட்டில் மகன் ரவியோடும் மருமகளோடும் இருந்தார். மெஷின், வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் அனுப்பியது.

"என்ன பேசுறாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"வீட்டப் பாக்க எப்ப வரலாம்னு ஒருத்தன் கேக்குறான். உறுதிப் பத்திரம் ரெடியான்னு இன்னொருத்தன். அதோட நின்னுடுது, மிஸ்."

கணவனோடு கூட வந்திருந்த மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரவி வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் குரல்கள் வருகின்றனவாம். மனநல கிளினிக்குக்குத் திகதியும் எடுத்தாகிவிட்டது. மெஷினில் பிழை இல்லை என்று தெரிந்தால் போதும் என்றார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

மெஷினில் பிழை இல்லைதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. புத்தி தடுமாறியவருக்குக் கேட்கும் குரல், காணி உறுதியைப் பற்றியா விசாரிக்கும்?

அப்போது ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரவியின் போன் அடித்தது. எடுத்தவர் முகம் சுளித்து, ஸ்கிரீனில் எதையோ அழுத்திவிட்டுப் பேசினார். முதலில் சத்தமே வருவதில்லை, போன் பழுது என்று பிறகு சொன்னார். அவர் போனை எடுத்த நொடியில் ஐயாவின் தலை சட்டென்று நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

ஒரு சாட்டுச் சொல்லி முன் கவுண்டருக்குப் போய், பதிவில் இருந்த ரவியின் போன் நம்பருக்கு அங்கிருந்து கோல் எடுத்தேன். அவர் எடுத்ததும், "மார்க்கெட்ல இன்னைக்கு போஞ்சி மலிவு" என்று மெதுவாகச் சொன்னேன். உள்ளே ரவி ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் போனேன்.

"போஞ்சி மலிவாம். மிஸ்ஸோட குரல் மாதிரியே இருக்கு," என்றார் ஐயா.

ரவியின் போனை வாங்கி புளூடூத்தைத் திறந்தேன். அப்பாவின் இரண்டு காது மெஷினும் அதில் பேயர் ஆகியிருந்தன. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ரவியே ஆரம்பத்தில் இணைத்தது. வரும் கோல் எல்லாம் முதலில் அப்பாவின் காதுக்குப் போயிருக்கிறது.

நான் விளக்கி முடித்தேன். மருமகள்தான் முதலில் கணவனிடம் திரும்பினார். "அப்ப வீட்டப் பாக்க வாறவங்க யாரு?"

கொழும்புக்குப் போகலாம் என்று யோசித்ததாகவும், எல்லாம் சரிவந்த பிறகு சொல்ல நினைத்ததாகவும் ரவி முணுமுணுத்தார். ஐயா கோபப்படவில்லை.

"நான் சொன்னது உண்மைன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகப் பாத்தியே தம்பி."

அடுத்த மாதம் ஐயா தனியாக பஸ்ஸில் வந்தார். கையில் புது போன். அதோடு மட்டும் பேயர் பண்ணச் சொன்னார். வீட்டை விற்கச் சம்மதிக்கவில்லை. மகனும் மருமகளும் கொழும்பு போய்விட்டார்கள். ரவி ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுக்கிறாராம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். காதில் குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு என்ன வியாதி என்று யோசிக்குமுன், மெஷின் யாருடைய போனோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மகன் நன்றாகப் பேசுகிறாரா என்று அன்று ஐயாவிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் பேசுறான்," என்றார். "இப்ப நான் கேக்குறேன்னு அவனுக்குத் தெரியுமே, மிஸ்."