கல்பாசி வளராத மரங்கள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று தாவரவியல் ஆய்வு மாணவி. காற்றில் புகை மிகுந்தால் மரப்பட்டையில் கல்பாசி வளராது. லேக் மார்க்கெட் என்ற கடைவீதி அருகே ஒரு தெருவின் மரங்களில் அது துளியும் இல்லை. பஸ் புகைதான் காரணம் என்று எழுதிவிட்டேன். மறுநாள் துறையில் வாசிக்க வேண்டும்.

அங்கே இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“அடி போடி! வருஷா வருஷம் தெருப் பூஜைக்கு மரத்துல லைட் கட்டுறதுக்கு முன்னாடி, பட்டைய பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவுறதே நாங்கதான். அப்புறம் பாசி எங்கேருந்து வரும்? இத்தன நாள் வந்தியே, ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை.

மறுநாள் எல்லோர் முன்னும் என் முடிவு தவறு என்று சொன்னேன். படித்தவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஆய்வைத் திருத்துவது எளிதாக இருந்தது. அந்த நினைப்பை விடுவதுதான் கடினமாக இருந்தது.