அண்டாவை மூட வேண்டாம் என்று சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில், செம்பனைக்கு நடுவே இருக்கும் எங்கள் எஸ்டேட் கோயிலில் நடந்தது இது. லயத்து வீடுகளில் இப்போது யாரும் இல்லை. எல்லாரும் டவுன் வீடுகளுக்கு மாறிவிட்டோம். ஆனாலும் திருவிழாவுக்கு முந்தைய வாரம் வேன், மோட்டார் என்று கிடைத்ததில் ஏறி எல்லாக் குடும்பமும் வந்துவிடும். ஆண்கள் புல் வெட்டுவார்கள், பெண்கள் அன்னதானப் பாத்திரங்களைத் தேய்ப்பார்கள். கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்வது என்று பெயர்தான் பொதுவாக இருக்கும். வேலை எப்போதும் இப்படித்தான் பிரியும்.

நான் அப்போது ஆறாம் படிவம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு. கெமிஸ்ட்ரி என்றால் பைத்தியம். அடுப்பில் விறகு எரிந்தாலும், சுண்ணாம்பில் தண்ணீர் பட்டுச் சூடானாலும், எந்தப் பிணைப்பு உடைகிறது, எது புதிதாகச் சேர்கிறது என்று மனம் ஓடும். பிணைப்பை உடைக்க ஆற்றல் வேண்டும். புதுப் பிணைப்பு உருவாகும்போது ஆற்றல் வெளியே வரும். வெளியே வருவது அதிகமாக இருந்தால் சுற்றுப்புறம் சூடாகும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அது புரிந்த அன்று பள்ளியிலிருந்து வீடு வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இதையெல்லாம் உட்கார்ந்து கேட்கும் ஒரே ஆள் என் அத்தை, அப்பாவின் அக்கா. பாசிர் பெனம்பாங்கில் இறால் உரிக்கும் வேலை அவருக்கு. இறாலின் முதுகில் ஓடும் கறுப்புக் குடலைக் கத்தி முனையால் இழுத்துப் போடுவதில் அவர் வேகத்துக்கு அங்கே ஆளில்லை. கண்ணும் கையும் சேர்ந்து ஓட வேண்டிய வேலை. சாயங்காலம் களைத்து வந்து காலை நீட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் புரியலதான். ஆனா நீ சொல்றப்ப நல்லா இருக்கு, சொல்லு லா" என்பார்.

அன்று காலை கோயில் செயலாளர் இரண்டு பாக்கெட் சோடா அப்பி வாங்கி வந்திருந்தார். காஸ்டிக் சோடா; அடைத்துக்கொண்ட சாக்கடைக்குப் போடுவோமே, அந்த வெள்ளைச் செதில்கள்தான். எங்கள் கோயிலின் பழைய இரும்புக் கொப்பரைகளை வருடா வருடம் சோடா அப்பித் தண்ணீரில் ஊற வைத்துத்தான் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். எதுவும் ஆனதில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் யாரோ ஒரு பெரிய அலுமினிய அண்டாவை உபயமாகக் கொடுத்திருந்தார்கள். அதில் அடிப்பிடித்துக் கருகிய கறையை எடுக்க அதே வைத்தியம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டு அலுமினியத் தாளை இதே கரைசலில் போட்டுப் பார்த்திருக்கிறேன். சோதனைக் குழாயைக் கையில் பிடிக்க முடியவில்லை. அது ஒரு விரல் அளவுத் தாள். இது ஆள் உட்காரும் அளவு அண்டா.

"அங்கிள், இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. இது அலுமினியம். சோடா அப்பி பாத்திரத்தையே தின்னும். சூடு ஏறிக்கிட்டே போகும், கேஸ் வரும். வேணாம் அங்கிள்."

செயலாளர் சிரித்தார். "சாமான் கழுவ எஸ்பிஎம் பரீட்ச ரிசல்ட் கேக்கறாங்கப்பா இப்பல்லாம்."

புல் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "யேய், புரொபசரம்மா வந்திருக்காங்க, நாற்காலி போடுங்கடா!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மறுபடி வாயைத் திறந்ததும் அத்தை என் முழங்கையைக் கிள்ளினார். "விடு லா. பெரியவங்க மூஞ்சிக்கு நேரா பேசாத."

தண்ணீர் ஊற்றிச் செதில்களைக் கொட்டினார்கள். முதலில் சும்மாதான் இருந்தது. அப்புறம் பக்கங்களில் சிறு குமிழிகள். சிறிது நேரத்தில் உலை கொதிப்பது போலச் சத்தம், அடியில் நெருப்பே இல்லாமல். தொண்டையைக் கரிக்கும் ஆவி எழுந்தது. பெண்கள் இருமிக்கொண்டே விலகினார்கள். செயலாளர் சாமான் கழுவும் இடத்துக்கு வந்து, "நாத்தம் அடிக்குதுன்னா மூடி வைங்க. சூடு உள்ளயே இருந்தா கரி சீக்கிரம் விடும்" என்றார். தட்டு மூடியை வைத்து அதன்மேல் குழவிக் கல்லையும் தூக்கி வைத்தார்கள்.

"மூடாதீங்க அங்கிள்! கேஸ் போக வழி வேணும்!"

இந்த முறை யாரும் சிரிக்கக்கூட இல்லை. நான் எதுவும் சொல்லாதது போல அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நான் பக்கத்திலிருந்த குழாயில் தண்ணீர்க் குழலை மாட்ட ஓடினேன். எனக்குத் தெரிந்த ஒரே காரியம் அதுதான்.

மூடி தடதடவென்று ஆடத் தொடங்கியது. செயலாளர் தூரத்திலிருந்தே, "அக்கா, கல்ல எடுத்துட்டு கரி விட்டுச்சான்னு பாருங்க" என்றார். அவர் கூப்பிட்டது அத்தையை. அத்தை யார் சொன்னாலும் செய்வார். நான் திரும்பிக் கத்துவதற்குள் குனிந்து கல்லைத் தூக்கிவிட்டார்.

கொதிக்கும் சாம்பல் நிற நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு பீறிட்டது. அத்தையின் முகத்தில்.

அதன் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பால் ஊற்று என்றது ஒரு குரல். தேங்காய் எண்ணெய் என்றது இன்னொன்று. எங்கேயோ படித்த ஒருவர் வினிகர் பாட்டிலோடு ஓடி வந்தார். காரத்துக்கு அமிலம் என்ற கணக்கு. அப்படிச் சேர்ந்தாலும் வெப்பம்தான் வரும், கண்ணுக்குள்ளேயே வரும். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அத்தையைத் தரையில் கிடத்தி, இமையை விரலால் பிரித்து, குழலைப் பிடித்தபடி தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். அத்தை என்னை அடித்தார், நகத்தால் கீறினார். "கொன்னுடாத டீ" என்று அலறினார். "முதல்ல ஆஸ்பித்திரிக்குத் தூக்குங்க" என்று என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடவில்லை. காரில் போகும்போதும் மடியில் போட்டுத் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டே போனேன்.

மருத்துவமனையில் ஒரு மலாய்க்கார டாக்டர், என்னைவிடச் சில வயதுதான் பெரியவர், யார் கண்ணைக் கழுவியது என்று கேட்டார். நான் என்றேன். அவ்வளவு நேரம் கழுவியிருக்காவிட்டால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்றார். இடது கண் பிழைத்தது. வலது கண்ணில் பால் படர்ந்தது போல ஒரு வெண்மை தங்கிவிட்டது.

நான் சொல்ல வந்தது இதை அல்ல. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

திருவிழாவுக்கு முன் கோயிலில் கூட்டம் போட்டார்கள். அத்தையையும் கட்டுப் போட்ட கண்ணோடு அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அண்டா நடுவில் இருந்தது. கரி முழுக்கப் போயிருந்தது. கூடவே அடி அரித்து, ஓரிடத்தில் ஓட்டையும் விழுந்திருந்தது. அதைக் காட்டித்தான் நான் பேச நினைத்தேன். அதற்குள் செயலாளர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "பாருங்க, சாமி பாத்திரமே ஓட்டையாயிடுச்சு. இது சாதாரண விஷயமா?" என்றார். என் சாட்சி அவருடைய சாட்சியாகிவிட்டது.

கண்ணைச் சுட்டது சோடா அப்பிதான் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டர் டாக்டர் பேச்சப் பேசுவாரு லா. குத்தம் எங்கன்னு சாமிகிட்ட யாரு கேட்டது?" என்றார் செயலாளர். அப்புறம் பெண்கள் பக்கம் திரும்பி, என்னைப் பார்க்காமல், அன்றைக்குச் சுத்தமில்லாமல் யாராவது வந்திருந்தீர்களா என்று கேட்டார். மெதுவாக எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அது உண்மையும்கூட. ஆனால் அதைச் சொன்னால் அந்தக் கேள்வி சரி என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகும். "அலுமினியத்துக்கு அதெல்லாம் தெரியாது அங்கிள்" என்றேன். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். பரிகார பூஜைக்கு நாள் குறித்தார்கள். நான் இனி பாத்திரம் தேய்க்க வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள்.

நான் எதிர்பார்த்ததெல்லாம் அத்தை ஒரு வார்த்தை பேசுவார் என்றுதான். கல்லை எடுக்கச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும். கூட்டம் முடியும் வரை தலை குனிந்தே இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், வேன் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நீ அன்னிக்கு வராம இருந்திருக்கலாம்."

அதன் பிறகு நான் அவருக்கு எந்தப் பாடமும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இறால் உரிக்கும் மேசையிலிருந்து அவரைக் கூடை கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

போன ஆடிக்கு அத்தையை மோட்டாரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கோயில் வேலிக்கு வெளியே நின்றேன். புதிதாக ஓர் அண்டா வாங்கியிருந்தார்கள். அதுவும் அலுமினியம்தான். அண்டாவின் காதில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது, பக்கத்தில் சோடா அப்பி பாக்கெட். அத்தை மெல்ல நடந்து போய்க் குழாயில் தண்ணீர்க் குழலை மாட்டி, திறந்து, தன் காலடியில் ஓடவிட்டார். பிறகுதான் உட்கார்ந்தார். "தண்ணி வீணாப் போவுது, அடைங்கக்கா" என்றார் ஒருவர். அத்தை காதில் வாங்கவில்லை. மூடியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஒருமுறை, நல்ல கண்ணால் வேலிப் பக்கம் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது பல்கலைக்கழகத்தில் அதே கெமிஸ்ட்ரிதான் படிக்கிறேன். 'வெப்பம் சுற்றுப்புறத்துக்கு விடப்படுகிறது' என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கிறது. அந்தச் சுற்றுப்புறத்தில் யார் குனிந்துகொண்டிருந்தார் என்று இதுவரை எந்தத் தேர்விலும் கேட்டதில்லை.