எங்கள் சபை கொடுத்த புதுத்துணி

என் சின்ன அத்தை ஆப்பிரிக்காவுக்குப் போனதில் எங்கள் வீட்டைவிடக் காரைக்குடிச் சபைக்குத்தான் பெருமை அதிகம். அத்தை நர்ஸ். மிஷன்காரர்கள் ஒரு குழுவைச் சேர்த்து, அங்கே ஏதோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்தக் கிராமத்தின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நுழைக்க யாரும் மெனக்கெடவும் இல்லை. ஆப்பிரிக்கா என்றே சொல்லி முடித்துவிட்டோம். அவ்வளவு பெரிய கண்டம், என்னவோ தேவகோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு தெரு மாதிரி!

கைப்பிடி அரிசி என்று எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொண்டுவந்து கொட்டினால், அதை விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். அத்தை போன பிறகு அது முழுக்க ஆப்பிரிக்காவுக்கே. மழை பொய்த்த வருஷங்கள் அவை. ரேஷனில் போடுகிற புழுத்த அரிசிக்கே வரிசையில் நிற்க வேண்டும். அம்மா அதிலும் ஒரு பிடி எடுத்துவிட்டு, மிச்சத்தை எனக்குக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றுவாள். "அங்குட்டுப் பிள்ளைக பட்டினியாக் கெடக்குதுக" என்பாள். இங்குட்டு நான் என்ன விருந்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்? கேட்டிருக்க வேண்டும். ஏழு வயதில் அந்த வாய் வரவில்லை.

மூன்றாம் வருஷம் அத்தை விடுமுறையில் வந்தாள். கூடவே ஒரு பெரிய டிரங்குப் பெட்டி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைச் சர்ச்சிலேயே திறந்தாள். உள்ளே முழுக்கப் பிள்ளைகளுக்கான கவுனும் சட்டையும். மஞ்சளும் நீலமுமாய், இலையும் பறவையுமாய், அப்படி ஒரு துணியை நாங்கள் கண்டதே இல்லை. அத்தை என்னைக் கூப்பிட்டு, ஒட்டுப்போட்ட பாவாடைக்கு மேலேயே ஒரு மஞ்சள் கவுனை மாட்டிவிட்டாள். மற்ற பிள்ளைகளும் முண்டியடித்து ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் அத்தை விவரம் சொன்னாள். நம் கைப்பிடி அரிசியைப் பற்றி அந்த ஊர்ப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு அது பிடித்துப்போய், சமைக்கும்போதெல்லாம் மக்காச்சோள மாவில் ஒரு பிடி எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதை யாருக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அத்தையையே கேட்டிருக்கிறார்கள். அத்தைக்குப் பொய் சொல்ல வராது. மழையில்லாதது, ரேஷன் அரிசி, எங்கள் கிழிந்த பாவாடை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர்கள் மாவை விற்றுத் துணி வாங்கி, தாங்களே தைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

"இதுகளைப் போட்டுக்கிட்டு நம்ம பிள்ளைக நிக்கிற மாதிரி ஒரு போட்டோ மட்டும் கேட்டாக. கட்டாயம் கொண்டாந்து காட்டுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்று முடித்தாள்.

அவ்வளவுதான். சபைக் கமிட்டியில் பெரியவரான மரக்கடை முதலாளி எழுந்தார்.

"என்ன பேசுறீக நர்சம்மா? நாமதான் அவுகளுக்குக் குடுக்குறவுக. அவுக குடுத்து நாம உடுத்துறதா? வெளிய தெரிஞ்சா ஊருல எப்படித் தலைகாட்டுறது?"

பாஸ்டர் ஐயா தொண்டையைச் செருமினார். கமிட்டியை எதிர்த்தால் மறு மாதமே மாற்றல் வரும் என்று அவருக்குத் தெரியும். "பிள்ளைகளா, கழட்டிக் குடுத்துருங்க" என்றார். என் கவுனை என் அப்பாவே கழற்றினார். கை உள்ளே சிக்கிக்கொள்ள, நான் வீறிட்டேன். மானம் போகிறதாம், மானம்! கிழிசலைப் போட்டுக்கொண்டு நாங்கள் வாராவாரம் முன்வரிசையில் நின்று பாடியபோது அந்த மானம் எங்கே போயிருந்தது?

வீட்டுக்கு வந்ததும் அத்தை அப்பாவோடு மல்லுக்கு நின்றாள். "ஒரே ஒரு போட்டோண்ணே. இவளை மட்டுமாவது நிக்க வைங்க. அந்தப் பொம்பளைக வாயைக் கட்டி வயித்தைக் கட்டித் தைச்சதுண்ணே."

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். "என் வேலைக்கு உலை வச்சிட்டுப் போயிராத தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அத்தை புறப்படுகிற வாரம் கமிட்டி கூடி, சர்ச்சில் பூட்டிக் கிடந்த பெட்டியை என்ன செய்வது என்று யோசித்தது. அவர்கள் எடுத்த முடிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதே பெட்டி, அதே துணி, ஆப்பிரிக்க ஏழைப் பிள்ளைகளுக்கு எங்கள் சபையின் அன்பளிப்பு!

"அவுக தைச்சதை அவுகளுக்கே குடுக்கச் சொல்றீகளே, அவுகளுக்கு அடையாளம் தெரியாதா?" என்று அத்தை கேட்டாள்.

"அவுகளுக்கென்ன, புதுத்துணின்னா வாங்கிக்கிட்டுப் போயிருவாக" என்றார் மரக்கடைக்காரர்.

ஸ்டுடியோக்காரரை வரவழைத்துப் போட்டோவும் எடுத்தார்கள். பெட்டியைச் சுற்றிக் கமிட்டி, நடுவில் மூடிமேல் கை வைத்தபடி மரக்கடைக்காரர், ஓரத்தில் அத்தை. பிள்ளைகள் யாரையும் கிட்டே விடவில்லை. ஆனால் ஆராதனையில் எங்களை எழுப்பி நிறுத்தி, ஏழைகளுக்காகத் துணியை விட்டுக்கொடுத்த பிள்ளைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பார் என்று மரக்கடைக்காரர் பேசினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்குக் கவுன் போன துக்கமெல்லாம் அந்த ஆமெனில் பறந்துவிட்டது. எதையோ பெரிதாகக் கொடுத்துவிட்டோம் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ரயிலடிக்குச் சபையே திரண்டு வந்தது. பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, பெட்டியை ஏற்றினார்கள். அத்தை சன்னலோரம் உட்கார்ந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். எங்களைவிட்டுப் போகிற ஏக்கம் என்று நினைத்தேன். எக்கி நின்று, கம்பிக்குள் கையைவிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

"அழாதீக அத்தை. நாங்க குடுத்த துணியைப் பாத்தா அந்தப் பிள்ளைக ரொம்பச் சந்தோசப்படும்" என்றேன்.